கூடி விளையாடாத பிள்ளை: பெற்றோருக்கு ஒரு பாடம்

ஒரு பிள்ளைக்கு நாலு வயதாகிறது. ஓடுகிறது, ஏறுகிறது, தானே சோறு அள்ளிச் சாப்பிடுகிறது. ஆனால் வளவுக்குள் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது தனியே போயிருந்து சிரட்டைகளை வரிசையாக அடுக்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையால் கூட்டிப்போனால் நிலத்தில் விழுந்து கத்துகிறது.

அப்பாச்சி, “தகப்பனும் பிந்தித்தான் பேசினவன், சரியாய் வரும்” என்கிறா. அயலார், “செல்லம் கூடிப் போச்சு” என்கிறார்கள். வேறு சிலர் கண்ணூறு என்று நூல் கட்டச் சொல்கிறார்கள். கடைசியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், “இப்போதே திட்டமாகச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள்” என்று துண்டில் எழுதி விடுகிறார்கள். பெற்றோர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

அந்த ஆறு மாதமும் பிள்ளையை எப்படி வளர்ப்பது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம். பிள்ளையின் குறைக்குச் சரியான பெயர் சொல்ல வைத்தியர் காத்திருக்க வேண்டி வரலாம். பிள்ளைக்கு உதவி செய்ய நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏன் உடனே பெயர் சொல்ல முடிவதில்லை?

மலேரியாவை ஒரு துளி இரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். முறிந்த எலும்பை எக்ஸ்ரே காட்டிவிடும். ஆனால் ஓட்டிசம் (மதியிறுக்கம் என்றும் எழுதுவார்கள்) போன்ற வளர்ச்சிக் குறைபாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. வைத்தியர் பிள்ளையின் நடத்தையைப் பார்த்தும், பிறந்த நாள் முதலான கதையைப் பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவுக்கு வரவேண்டும். வெளியில் ஒரேமாதிரித் தோன்றும் நடத்தைக்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

1. காது கேளாமை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். காதில் அடிக்கடி சீழ் வடியும் பிள்ளைக்கும் கேள்வி குறையலாம்.

2. பேச்சு மட்டும் பிந்துதல். இப்பிள்ளை பேசாவிட்டாலும் முகம் பார்க்கும், விரலால் சுட்டிக் காட்டும், சைகையால் கதை சொல்லும்.

3. அறிவு வளர்ச்சி மந்தமாதல். இருத்தல், நடத்தல், உடுத்தல் என்று பல காரியங்கள் பிந்தும்.

4. பயமும் துயரமும். முன்பு பேசிச் சிரித்த பிள்ளை ஒரு சாவு, ஒரு விபத்து, ஒரு பிரிவுக்குப் பின் ஒடுங்கிப் போகலாம். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபின் பேச்சுக் குறைந்த பிள்ளைகளும் உண்டு.

5. இடத்துக்கு இடம் மாறுதல். சில பிள்ளைகள் வீட்டில் வாயாடிகள், பாலர் பாடசாலையில் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். இது பிடிவாதமல்ல, ஒருவகைப் பயம்.

6. ஓட்டிசம். பிறரோடு பழகுவதும் கருத்தைப் பரிமாறுவதும் கடினமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, சத்தம், வெளிச்சம், உடுப்பு, உணவு முதலியவற்றில் மிகுந்த கூச்சம் ஆகியனவும் காணப்படும்.

இவற்றில் இரண்டு ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே “இப்போது சொல்ல முடியாது” என்பதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எண்ண வேண்டாம். பிள்ளை வளர வளரவே சில குறிகள் தெளிவாகும்.

பெயர்களும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளின் கதையை எழுதி, இக்குறைபாட்டை முதலில் விரிவாக விளக்கினார். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் என்பவர் நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பழகத் தெரியாத பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பின்னர் பல ஆண்டுகள் இவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் இருந்தன. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அப்பெயர்களை ஒன்றாக்கியது. எனவே இரண்டு வைத்தியர் இரண்டு பெயர் எழுதினால், ஒருவர் பொய் சொல்கிறார் என்பது பொருளல்ல.

இது மேல்நாட்டு நோயுமல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டனர். எங்கள் கிராமங்களிலும் இப்பிள்ளைகள் இருந்துள்ளார்கள். “விசர்”, “ஊமை”, “மந்தம்” என்ற சொற்களுக்குள் அவர்களை மறைத்துவிட்டோம்.

இடம்பெயர்வு சேர்த்த சிக்கல்

2006 ஏப்ரலில் சம்பூர், மூதூர் கிழக்குக் கிராமங்களின் மக்கள் ஷெல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி ஓடினார்கள். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, 2007க்குப் பின் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தறப்பாளின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் திரும்பக் கிடைத்தன.

இந்த அலைச்சலில் பல பிள்ளைகளின் கிளினிக் புத்தகம் தொலைந்தது. எப்போது இருந்தது, எப்போது முதற் சொல் பேசியது என்று நினைவுவைக்க நேரமும் மனமும் இருக்கவில்லை. இதனால் இரண்டு தவறான முடிவுகள் பிறந்தன. “ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை, தானாய்த் தெளியும்” என்று விட்டுவிட்டது ஒன்று. உண்மையிலேயே பயந்து ஒடுங்கிய பிள்ளையைப் “பிறவிக் குறை” என்று ஒதுக்கியது மற்றொன்று.

இரண்டையும் பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிள்ளை முன்பு எப்படி இருந்தது? ஒரு வயதில் முகம் பார்த்துச் சிரித்ததா, கை காட்டிக் கேட்டதா, பின்பு மாறியதா? அல்லது தொடக்கத்திலிருந்தே இப்படியா? அம்மம்மா, பெரியம்மா, முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் என்று எல்லோரிடமும் விசாரித்து எழுதுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு வைத்தியருக்குப் பெரிய உதவி.

பழி யாருக்கும் இல்லை

“தாய் கவனிக்கவில்லை” என்ற பேச்சு வீடுகளைப் பிரித்திருக்கிறது. படித்தவர்களும் ஒருகாலத்தில் இதையே சொன்னார்கள். 1950கள், 60களில் தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர் பலர் நம்பினர். 1964இல் பேர்னாட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தாமே இத்தகைய பிள்ளையின் தந்தை, அது தவறு என்று நூல் எழுதி வாதாடினார். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது என்பதே இன்றைய அறிவு. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்குண்டு. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வந்த கட்டுரை பிழையென்று தெரிந்து 2010இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இந்தப் பயத்தால் எந்தப் பிள்ளைக்கும் ஊசியை நிறுத்தாதீர்கள்.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யாருடைய பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று கேட்கிறார்கள். இருவருடையதுமல்ல என்று இயேசு மறுத்துவிடுகிறார். எந்தச் சமயத்தைச் சேர்ந்த குடும்பமானாலும் இந்த ஆறுதல் அதற்கும் உரியது.

எப்போது காட்ட வேண்டும்?

பின்வரும் குறிகளில் ஒன்று கண்டாலும் “தானாய் வரும்” என்று இருந்துவிட வேண்டாம்.

• ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை.
• ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக் காட்டாமை, அல்லது ஒரு சொல்லும் பேசாமை.
• இரண்டு வயதாகியும் “பால் தா” போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை.
• எந்த வயதிலும், பேசிய சொல்லோ பழகிய பழக்கமோ மறைந்து போதல்.
• வலிப்பு. இதற்கு மருந்து உண்டு, உடனே கொண்டுபோக வேண்டும்.

முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார மருத்துவமாதுவிடம் (மிட்வைவ்) சொல்லுங்கள். அவர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், பின் வைத்தியசாலையில் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடமும் போகலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், மூதூர்ப் பக்கத்தார் அவ்விடத்தில் பாதைப்படகுக்குக் காத்திராமல் திருகோணமலைக்குப் போய்வரலாம். ஆயினும் ஒரு நாள் கூலி போகும் பயணம் அது. ஆகவே வெறுங்கையோடு போகாமல் கிளினிக் புத்தகம், மேலே சொன்ன குறிப்பு, முன்பு தந்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காது சோதிக்க வேண்டுமா? பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புவீர்களா? அடுத்த முறை வரும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை

பெற்றோர் செய்யும் பயிற்சிக்குப் பலனுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், நிபுணரல்லாத சாதாரண ஊழியர்களே பெற்றோருக்குப் பழக்கிக் கொடுத்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகக் கற்றனர், பிள்ளைகளும் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியது. கொழும்பிலும் பேராசிரியர் பெரேராவின் குழுவினர் தாய்மாருக்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே செய்வித்து, பிள்ளைகளிடம் முன்னேற்றம் கண்டதை 2016இல் வெளியிட்டனர். கீழே வருபவை இத்தகைய பயிற்சிகளின் வழியில் வந்தவை. காதோ பேச்சோ பயமோ, காரணம் எதுவானாலும் இவை பிள்ளைக்குத் தீங்கு செய்யா.

1. பிள்ளையின் பக்கத்தில் போயிருங்கள். அது சிரட்டை அடுக்கினால் சிரட்டையைப் பறிக்க வேண்டாம். நிலத்தில் எதிரே இருந்து ஒவ்வொரு சிரட்டையாக எடுத்துக் கொடுங்கள். சிறிது நேரத்தின் பின், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். பிள்ளை உங்களைப் பார்க்கலாம், கை நீட்டலாம், ஒரு சத்தம் போடலாம். அதுதான் அதன் பேச்சு. உடனே “சிரட்டை” என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். காலை, மதியம், மாலை பத்துப் பத்து நிமிடம் போதும்.

2. சொற்களைக் குறையுங்கள். “இங்க வா மகன், கையெல்லாம் மண், கழுவிப்போட்டு வந்து சாப்பிடு” என்பது இப்பிள்ளைக்குப் பெரிய இரைச்சல். “கை கழுவு” என்று மட்டும் சொல்லி, கிணற்றடியைக் காட்டுங்கள். அது முடிந்தபின் “சாப்பிடு” என்று சொல்லுங்கள்.

3. அடுத்து என்ன என்பதை முன்பே காட்டுங்கள். மாற்றமே இப்பிள்ளையின் பெரிய பயம். குளிக்கப் போகுமுன் துவாயை, வெளியே போகுமுன் செருப்பை, சாப்பாட்டுக்குமுன் கோப்பையைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பிஸ்கற் பெட்டி மட்டையில் கிணறு, கோப்பை, பாடசாலை, பாய் என்று படம் கீறி, நாளின் ஒழுங்குப்படி சுவரில் தொங்கவிடலாம்.

4. கத்தும்போது காரணம் தேடுங்கள். ஒரு கொப்பியில், எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நாம் என்ன செய்தோம் என்று இரண்டு கிழமை எழுதுங்கள். உதாரணமாக, ஒரு பிள்ளை மாலைதோறும் கத்துகிறது. எழுதிப் பார்த்தால், வெங்காயத் தோட்டத்து நீர்ப்பம்பியை இயக்கும் நேரம் அது. மற்றவர்களுக்குப் பழகிப்போன சத்தம் அதற்குக் காதைக் குத்துகிறது. பம்பியை இயக்குமுன் பிள்ளையை வீட்டின் பின்புறம் கூட்டிப்போனால் பாதிக் கத்தல் குறையும். கோயில் மேளம், வெடி, பிளேனும் இப்படியே.

5. ஒரு பிள்ளையோடு தொடங்குங்கள். பத்துப் பேர் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டால் பழக்கம் வராது. அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஒருவர் மட்டும் இருந்து, பந்தை உருட்டி “உனக்கு, எனக்கு” என்று மாறிமாறி விளையாடட்டும். சலிக்குமுன் நிறுத்துங்கள். அடுத்த நாளும் அதே விளையாட்டு.

6. வேலை பழக்குங்கள். ஒழுங்காக அடுக்கும் பிள்ளைக்கு வெங்காயத்தைப் பருமன்படி பிரிக்க வரும். கோழிக்குத் தீன் போடுதல், உரப்பை மடித்தல், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுதல் எல்லாவற்றையும் சிறு படிகளாக்கி, கையைப் பிடித்துச் செய்வித்து, மெல்ல மெல்லக் கையை விடுங்கள். வீட்டுக்கு உதவுகிறவன் என்ற மதிப்பு பிள்ளைக்கும் வேண்டும், பார்க்கும் அயலாருக்கும் வேண்டும்.

7. அடிக்கவும் கட்டிவைக்கவும் வேண்டாம். விளங்காததால் செய்யாத பிள்ளைக்கு அடி எதையும் விளக்காது. வயலுக்குப் போகும் தாய் வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கட்டிவிட்டுப் போகும் வீடுகள் உண்டு. அத்தாயைக் குறைகூறுவதால் பயனில்லை. முறைவைத்துப் பிள்ளையைப் பார்க்க அயலில் இரண்டு பேர் முன்வந்தால் கயிறு தேவைப்படாது.

8. போன் பார்த்துக்கொண்டிருக்க விட்டுவிட வேண்டாம். பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று நாள் முழுவதும் போனைக் கொடுப்பவர்கள் உண்டு. ஓட்டிசத்துக்குப் போன் காரணமல்ல. ஆனால் போனோடு இருக்கும் நேரமெல்லாம் மனிதரோடு பழகும் நேரம் குறைகிறது.

கிணறு, கடல், மருந்துப் போத்தல்

இப்பிள்ளைகளிற் பலருக்கு ஆபத்து விளங்காது, தண்ணீரில் விருப்பமும் அதிகம். கட்டில்லாத கிணற்றுக்கு வேலி அல்லது மூடி போடுங்கள். வளவுப் படலைக்குப் பிள்ளை திறக்க முடியாத கொளுக்கி போடுங்கள். பூச்சி மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை காணாமற்போனால் முதலில் கிணறு, குளம், கடற்கரைப் பக்கம் ஓடுங்கள். அயலாருக்கு இப்பிள்ளை கூப்பிட்டால் பதில் சொல்லாது என்று முன்பே சொல்லி வையுங்கள். பேசாத பிள்ளையைத் துன்புறுத்துவோரும் உண்டு. தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எவரோடு தனியே விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பாடசாலை

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பது தவறு. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் உள்ளன. வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு தாளில் மூன்று விடயம் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைக்குப் பிடித்தது, பிள்ளையைக் கலங்கச் செய்வது, கலங்கினால் அமைதிப்படுத்தும் வழி. முன்வரிசையில் ஓர் இடம், பக்கத்தில் ஒரு நல்ல தோழன், சத்தம் கூடினால் வெளியே போய்வர அனுமதி. இவற்றுக்குக் காசு தேவையில்லை.

நகை அடகு வைக்குமுன்

ஓட்டிசத்தை முற்றாக மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தூக்கமின்மை, வலிப்பு, மிகுந்த பதற்றம் போன்றவற்றுக்கு வைத்தியர் மருந்து தரலாம். “மூன்று மாதத்தில் பேச வைப்பேன்” என்று பணம் கேட்பவரிடம் மாட்டையோ காணி உறுதியையோ இழக்காதீர்கள். செபமும் நேர்த்தியும் உங்கள் விசுவாசம், அது மனதுக்குப் பலம் தரும். ஆனால் பேய் ஓட்டுவதாகப் பிள்ளையை அடிப்பவரிடமும் சுடுபவரிடமும் ஒப்படைக்காதீர்கள். கிளினிக்கையும் விடாதீர்கள்.

சில பிள்ளைகள் பிந்திப் பேசிப் படித்து முன்னேறுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். எந்தப் பிள்ளை எப்படி வரும் என்று நாலு வயதில் சொல்ல முடியாது. ஆகவே இன்று முடிந்ததை இன்று செய்வோம். தகப்பனும் தாயும் மாறிமாறி ஓய்வெடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவித்தொகை பற்றி விசாரியுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. எங்கள் கிராமத்தில் கூடி விளையாடாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்?

2. அவர்களின் தாய்மார் நாற்று நடவுக்கும் வெங்காயம் பிடுங்கவும் போகும் நாட்களில் பிள்ளையைப் பார்க்க மாதர் சங்கம் எப்படி முறை வைக்கலாம்?

3. கிளினிக் நாளில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே வாகனத்தில் போக ஒழுங்கு செய்யலாமா? யார் பொறுப்பெடுப்பது?

4. திருவிழாவிலும் பிறந்தநாளிலும் இக்குடும்பங்களை அழைக்கிறோமா? பிள்ளை கத்தினால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?